கை வைக்கும் முன்: ஒரு மின் விதிக்கு உரை

திட்டக்குடியில் வெள்ளாற்றைத் தாண்டினால் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள்; தளவாய், ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம் என்று சிமென்ட் ஆலைகள். இந்தப் பக்கம் விருத்தாசலம் வழியாகப் போனால் நெய்வேலி. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் முடித்த நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு முதல் வேலை இந்த இரண்டு திசைகளில் ஒன்றில்தான் கிடைக்கிறது. வயல் பம்புசெட்டின் 415 வோல்ட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் அங்கே 3.3, 6.6, 11 கிலோவோல்ட் மோட்டார்களின் முன் நிற்கிறார்கள். பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு, புகையை இழுத்துப் புகைபோக்கிக்குத் தள்ளும் ஐ.டி. ஃபேன், சிமென்ட் மில், சுரங்கத்தின் நீண்ட கன்வேயர் எல்லாவற்றையும் ஓட்டுபவை எச்.டி. எனப்படும் உயர் அழுத்த மோட்டார்கள். அவற்றை ஓட்டவும் நிறுத்தவும் வரிசையாக நிற்கும் இரும்புப் பேனல்களில் பராமரிப்பு வேலை செய்வதற்கு நாட்டின் சட்டம் தந்திருக்கும் அடிப்படை ஒரே ஒரு வாக்கியம். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் அது 36-ஆம் விதியின் முதல் உட்பிரிவு. மத்திய மின்சார ஆணையத்தின் 2010 ஒழுங்குமுறைகளில் 19-ஆவதாக வந்தது. 2023-இல் புதிய ஒழுங்குமுறைகள் வந்தபோதும் அதன் கரு மாறவில்லை. தமிழில் அதன் பொருள் இது:

*எந்த மின்கடத்தியையும் கருவியையும் கையாளும் முன், எர்த் செய்தோ பொருத்தமான வேறு வழியிலோ, அதிலுள்ள மின்னூட்டத்தை இறக்கவும், ஆபத்து உண்டென்றால் அருகிலுள்ளவற்றின் மின்னூட்டத்தையும் இறக்கவும், ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கையில் தற்செயலாகவோ கவனக்குறைவாலோ அதில் மின்சாரம் ஏறாமல் தடுக்கவும் போதுமான முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும்.*

ஸ்விட்சை ஆஃப் செய் என்று இந்த வாக்கியத்தில் எங்குமே இல்லை. அதைச் சொல்ல மறந்துவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆஃப் செய்வது வேலையின் தொடக்கம் மட்டுமே. விதி கேட்பது அதற்குப் பிறகு நடக்க வேண்டிய இரண்டு காரியங்களை: இருப்பதை இறக்கு, வரக்கூடியதைத் தடு. "அண்ணே, ஆஃப் பண்ணியாச்சு" என்று போனில் வரும் குரலை நம்பி மூடியைத் திறப்பவர் அந்த இரண்டையுமே செய்திருக்க மாட்டார்.

எந்த மின்கடத்தியையும் கருவியையும்

"எந்த" என்றதால் 6.6 கிலோவோல்ட் பகுதி மட்டுமல்ல, அதோடு சேர்ந்த சின்ன மின்சாரங்களும் அடங்கும். மோட்டார் பேனலுக்குள் பிரேக்கரை இயக்க 110 அல்லது 220 வோல்ட் டி.சி. தனியே வருகிறது. ஸ்பிரிங் சார்ஜ் செய்யும் மோட்டாருக்குத் தனி சப்ளை. பிரேக்கரை வெளியே இழுத்தாலும் கன்ட்ரோல் பகுதியில் இவை உயிரோடுதான் இருக்கும்.

இவற்றில் அதிகம் ஏமாற்றுவது மோட்டாருக்குள் இருக்கும் ஸ்பேஸ் ஹீட்டர். நின்ற மோட்டாரின் சுருளில் ஈரம் இறங்காமல் இருக்க வைத்த சூடேற்றி அது. மோட்டார் ஓடும்போது அணைந்திருக்கும்; மோட்டாரை நிறுத்தியதும் தானாகவே எரியத் தொடங்கும். வேலைக்காக மோட்டாரை நிறுத்திய அந்தச் செயலே டெர்மினல் பெட்டிக்கு 230 வோல்ட்டைக் கொண்டுவந்துவிடுகிறது. பெரிய கேபிள் மூன்றையும் எர்த் செய்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் மெல்லிய ஒயரை அவிழ்க்கும்போது உயிர் போகலாம். அந்த ஒயர் பெரும்பாலும் வேறொரு விநியோகப் பெட்டியிலிருந்து வருகிறது. அதன் பெயர் மோட்டார் பேனலின் வரைபடத்தில் ஒரு மூலையில்தான் இருக்கும். ஹீட்டருக்கும் தனி பெர்மிட் (வேலை அனுமதிச் சீட்டு) கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கரன்ட் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி ஒயரும் இந்த "எந்த"வுக்குள் வரும். ஓட்டத்தில் இருக்கும்போது அதை அவிழ்த்தால் அவிழ்த்த முனைகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும். ரிலே சோதனைக்குப் போகிறவர்கள் முதலில் அதை ஷார்ட் செய்கிறார்களா என்று நின்று பார்க்கலாம்.

கையாளும் முன்

பேனலின் முன் நிற்கும்போதே "முன்" தொடங்கிவிடுகிறது. ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கம் மழை பிடித்தால் பேனல் அறையில் ஈரம் தங்கும். நிலக்கரித் தூசியோ சிமென்ட் தூசியோ எபாக்ஸி இன்சுலேட்டர் மேல் படிந்து, அதன்மேல் ஈரமும் சேர்ந்தால் மேற்பரப்பில் மெல்லிய மின்கசிவு தொடங்கும். வெளியில் நின்றே அதை அறியலாம்: காரமான ஓசோன் வாடை, எண்ணெயில் ஏதோ பொரிவதுபோன்ற சத்தம். மூடியைத் திறந்தால் வெள்ளைப் பொடி தெரியும். கேபிள் நுழையும் துளையை அடைக்காமல் விட்ட பேனலில் பல்லியும் எலியும் ஏறி, பஸ்பாரில் குறுக்கே விழுந்து வெடித்த கதை இல்லாத ஆலை அரிது. வாடையும் சத்தமும் உள்ள பேனலில் பிரேக்கரை இழுக்கப் போகக் கூடாது. அந்தப் பிரிவு முழுவதையும் மேலிருந்து நிறுத்தச் சொல்ல வேண்டும்.

பிரேக்கர் தள்ளுவண்டியை சர்வீஸ் நிலையிலிருந்து டெஸ்ட் நிலைக்கு வெளியே இழுப்பதைத்தான் ராக் அவுட் என்கிறோம். எர்த் செய்வதற்கு முன்பே செய்ய வேண்டிய காரியம் இது. ஆகவே உயிருள்ள பஸ்பாரிலிருந்து பிரேக்கரின் பிடிகள் கழலும் அந்தச் சில விநாடிகளே முழு வேலையிலும் கடுமையானவை. பிரேக்கர் திறந்திருப்பதை உறுதி செய்யாமல், இன்டர்லாக் பழுதான பேனலில் பலத்தால் இழுத்தால், லோடு ஓடும் பிடிகள் காற்றில் பிரியும். அங்கே எழும் வில்பொறி சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடானது. ரால்ஃப் லீ என்ற அமெரிக்கப் பொறியாளர் 1982-இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகுதான் இந்த வெப்பத்தைத் தனி ஆபத்தாக எண்ணிக் கணக்கிடும் வழக்கம் உலகில் வந்தது. மின்சாரத்தைத் தொட்டவர் மட்டும்தான் சாவார் என்ற நம்பிக்கையை அது உடைத்தது. எதையும் தொடாமல் ஓரடி தள்ளி நின்றவரையும் வில்பொறி எரித்துவிடும். அதனால்தான் கதவை மூடி வைத்தபடி, நேர் எதிரே நிற்காமல், கைப்பிடியைச் சுற்ற வேண்டும் என்கிறோம். மோட்டார் வைத்துத் தூரத்திலிருந்து இழுக்கும் ரிமோட் ராக்கிங் கருவி இருந்தால் அதற்கு மேல் நல்லது வேறில்லை.

"திறந்தது" என்று காட்டும் பச்சைக் கொடியை நம்பி ராக் அவுட் செய்யாமலே வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. வாக்குவம் பிரேக்கரில் காண்டாக்டுகள் பிரியும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான். அந்த இடைவெளியைக் காப்பது குப்பிக்குள் இருக்கும் வெற்றிடம். குப்பியில் கசிவு வந்து வெற்றிடம் போனாலும் வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. திறந்த பிரேக்கர் மோட்டாரை நிறுத்தும். ஆளைக் காக்க, வெளியே இழுத்த பிரேக்கர் வேண்டும்.

எர்த் செய்தோ பொருத்தமான வேறு வழியிலோ

எர்த் போடுவதற்கு முன் மின்சாரம் இல்லை என்று கண்டறிய வேண்டும். அந்த 6.6 கிலோவோல்ட்டுக்கு உரிய டிடெக்டரை முதலில் உயிருள்ள இடத்திலோ அதற்கான சோதனைப் பெட்டியிலோ வைத்து எரிகிறதா என்று பார். பிறகு வேலை செய்யப்போகும் மூன்று ஃபேஸிலும் பார். திரும்பவும் உயிருள்ள இடத்தில் பார். நடுவில் டிடெக்டரே செத்துப்போயிருந்தால் மூன்றாவது சோதனைதான் காட்டிக்கொடுக்கும். இந்த மூன்றாவதைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறோம். பேனல் முகப்பில் மினுக்கும் நியான் விளக்கு இருப்பை மட்டும் காட்டும். அது அணைந்திருப்பதை இல்லாமைக்குச் சாட்சியாகக் கொள்ளக் கூடாது.

டிஸ்சார்ஜ் ராடு மாட்டும்போது மண்ணோடு சேரும் முனையை முதலில் இறுக்கி, பிறகு ஃபேஸ். கழற்றும்போது முதலில் ஃபேஸ், கடைசியில்தான் மண் முனை. பேனலிலேயே எர்த்திங் ஸ்விட்ச் இருந்தால் வேலை எளிது. ஆனால் அதன் கத்திகள் உண்மையில் மூடினவா என்பதைக் கண்ணாடிச் சாளரம் வழியே கண்ணால் பார்த்தாக வேண்டும்.

மின்னூட்டத்தை இறக்கவும்

மின்சாரத்தை வெட்டிய பிறகும் மின்னூட்டம் தங்கும் பொருட்கள் இருக்கின்றன. மோட்டாரோடு சேர்த்து பவர் ஃபாக்டர் கெபாசிட்டர் வைத்திருந்தால் அதன் உள்ளே உள்ள ரெசிஸ்டர் மெல்ல மெல்லத்தான் வடிக்கும். எச்.டி. கெபாசிட்டர் 75 வோல்ட்டுக்கு இறங்க 10 நிமிடம் வரை சர்வதேசத் தரநிலை அனுமதிக்கிறது. ரெசிஸ்டர் பழுதென்றால் எத்தனை மணி நேரம் ஆனாலும் அது உள்ளேயே நிற்கும். காத்திருந்து, பிறகு ராடால் இறக்கி, மூன்று முனைகளையும் ஷார்ட் செய்து விட வேண்டும்.

சோதிக்கப் போனவரே ஏற்றிவிடும் மின்னூட்டமும் உண்டு. எச்.டி. மோட்டாரின் சுருளில் இன்சுலேஷனைச் சோதிக்க மெக்கர் போடும்போது 2.5 அல்லது 5 கிலோவோல்ட் கொடுக்கிறோம். ஒரு நிமிட அளவும் 10 நிமிட அளவும் எடுத்து, இரண்டாவதை முதலாவதால் வகுத்து, 2-க்கு மேல் வந்தால் சுருள் காய்ந்து நன்றாக இருக்கிறது என்கிறோம். அந்த 10 நிமிடமும் சுருளின் இன்சுலேஷன் மின்னூட்டத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. ஏற்றிய நேரத்தைப் போல நான்கு மடங்கு நேரமாவது எர்த் செய்து வைக்க வேண்டும் என்பது ஏற்கப்பட்ட நடைமுறை. அதாவது 40 நிமிடம். நல்ல ரீடிங் வந்த மகிழ்ச்சியில் லீடைக் கழற்றி, உடனே கேபிள் லக்கைக் கையில் எடுக்கும் பழக்கத்தை ஒழிக்க வேண்டும்.

ஆபத்து உண்டென்றால் அருகிலுள்ளவற்றின்

உன் பேனலின் பிரேக்கர் வெளியே வந்துவிட்டது. ஆனால் அதன் பின்னே, தகட்டு ஷட்டருக்கு அந்தப் பக்கம், பஸ்பார் 6.6 கிலோவோல்ட்டில் நிற்கிறது. ஷட்டரைத் தூக்கித் துடைக்கப் போனால் பஸ் முழுவதும் அணைந்து எர்த் ஆகியிருக்க வேண்டும்.

பேனல்களின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். ஒரே அளவு, ஒரே சாம்பல் நிறம், வரிசையாகப் பத்து இருபது மூடிகள். முகப்பில் மோட்டாரின் பெயர் பெரிதாக எழுதியிருக்கும். பின்மூடியில் பெயர் இருந்தாலும், மூடிகள் ஒன்றுக்கொன்று பொருந்துபவை என்பதால் போன ஷட்டவுனில் மாற்றி மாட்டியிருக்கலாம். முன்பக்கம் சரியான பேனலை ராக் அவுட் செய்துவிட்டு, பின்பக்கம் அடுத்த பேனலின் மூடியைத் திறப்பது இப்படித்தான் நடக்கிறது. பெயரை மூடியில் எழுதுவதோடு நிற்காமல் கழற்ற முடியாத சட்டத்திலும் எழுதிவிட்டால் இந்த ஆபத்து பெருமளவு போய்விடும். ஒரு டப்பா பெயின்டும் ஒரு ஷிஃப்டும் போதும்.

தற்செயலாகவோ கவனக்குறைவாலோ மின்சாரம் ஏறாமல்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் செய்யும் பீங்கான் ப்யூஸ் கேரியரை உருவி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கம்பத்தில் ஏறும் லைன்மேனைப் பார்த்திருப்போம். கேரியர் தன் பையில் இருக்கும்வரை யாரும் சப்ளை கொடுக்க முடியாது. எச்.டி. பேனலில் பூட்டும் சாவியும் செய்வது அதே வேலை. ராக் அவுட் செய்த பிரேக்கருக்கும் எர்த்திங் ஸ்விட்சுக்கும் பூட்டு. வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் தனிப் பூட்டு. சாவி அவரவர் பையில். டேஞ்சர் போர்டு மட்டும் தொங்கவிடுவதைப் பூட்டுக்கு ஈடாக நான் ஏற்கமாட்டேன். போர்டை யாரும் கழற்றலாம்.

மனிதக் கை படாமலும் மின்சாரம் ஏறும். கன்ட்ரோல் ரூம் கணினி, ஓடும் பம்பு நின்றதும் மாற்று பம்புக்குத் தானே ஸ்டார்ட் கொடுக்கும். நான்-ரிட்டர்ன் வால்வு சரியாக மூடாத பம்பில் குழாயின் தண்ணீர் திரும்பி ஓடி மோட்டாரைப் பின்னோக்கிச் சுற்றும். பக்கத்து ஃபேன் இழுக்கும் காற்றில் நிறுத்திய ஐ.டி. ஃபேன் மெதுவாகச் சுழலும். இண்டக்‌ஷன் மோட்டார் வெறுமனே சுழன்றால் பெரிதாக ஒன்றும் வராது. ஆனால் கெபாசிட்டர் சேர்ந்திருந்து வேகமாகச் சுழன்றால் அதுவே ஜெனரேட்டராகிவிடலாம். சரிவான கன்வேயரில் பெல்ட் பின்வாங்கினால் மின்சாரத்துக்கும் முன்பே கைவிரல் போகும். ஆகவே வால்வை மூடிப் பூட்டுவதும், டேம்பரை அடைப்பதும், தண்டைக் கட்டுவதும் மின்காரர் வேலை அல்ல என்று ஒதுக்கக் கூடாது. விதியின் இந்தப் பகுதி அவற்றையும் கேட்கிறது.

போதுமான முன்னெச்சரிக்கை

எது போதும் என்று விதி அளந்து சொல்லவில்லை. மேலே சொன்ன ஒவ்வொன்றும் முடிந்தால்தான் போதும்.

இரண்டாம் உட்பிரிவு: கையுறை, ரப்பர் காலணி, பெல்ட், ஏணி, எர்த்திங் கருவி, தலைக்கவசம், லைன் டெஸ்டர் முதலியன தர வேண்டும், அவை நல்ல நிலையில் இருக்க வேண்டும்

வில்பொறியைத் தாங்கும் உடையும் முகக்கவசமும் இந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை. 1956-இல் அவை யார் நினைவிலும் இல்லை. "முதலியன" என்ற சொல்லில் அவற்றைச் சேர்த்தே படிக்க வேண்டும். "நல்ல நிலையில்" என்பதே இதன் உயிர். கையுறையின் மணிக்கட்டைச் சுருட்டிக் காற்றை உள்ளே அடைத்து அழுத்தினால் ஊசித்துளை தெரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டிய அரை நிமிட வேலை. தரையில் விரிக்கும் பாய்க்கு ஐ.எஸ். 15652 என்ற தரநிலை இருக்கிறது. முத்திரை இல்லாத கறுப்பு ரப்பர் விரிப்பு பாதுகாப்புக் கருவி ஆகாது.

மூன்றாம் உட்பிரிவு: அதிகாரம் பெற்றவர் தவிர யாரும் உயிருள்ள கருவியில் வேலை செய்யக் கூடாது, செய்பவருக்கு உதவவும் கூடாது

"உதவவும்" என்ற சொல்லை வைத்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும். டார்ச் பிடிக்கிறவர், ஸ்பேனர் எடுத்துத் தருகிறவர், மூடியைத் தாங்கிப் பிடிக்கிறவர்: நம் ஊர் ஒப்பந்தத் தொழிலாளி பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிற்கிறார். பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டவருக்கு எது உயிருள்ளது என்று தெரியும், ஹெல்ப்பருக்குச் சொல்லப்பட்டிருக்காது. அதிகாரம் என்பது அவருக்கும் வேண்டும் என்கிறது சட்டம். அவருக்கும் பயிற்சி வேண்டும், பெர்மிட்டில் அவர் பெயரும் வேண்டும், பூட்டும் வேண்டும் என்பதே இதன் பொருள்.

மின் அதிர்ச்சி பட்டவருக்கு முதலுதவி செய்யும் அட்டையும், மண்டை ஓடு போட்ட அபாயப் பலகையும் உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும் என்று இதே சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆகவே பேனல் அறைச் சுவரில் தமிழ் இருக்கிறது. விபத்தைத் தடுக்கும் பெர்மிட் தாளோ பல ஆலைகளில் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. எதை ராக் அவுட் செய்தோம், எங்கே எர்த் போட்டோம், எது இன்னும் உயிரோடு இருக்கிறது என்ற மூன்று வரிகளையாவது அந்தத் தாளில் தமிழில் அச்சிட வேண்டும். வடமாநிலத் தொழிலாளர்கள் வேலை செய்யும் இடத்தில் அவர்கள் மொழியிலும் வேண்டும். வேலை தொடங்கும் முன் அதை உரக்கப் படித்து, ஹெல்ப்பர் உட்பட எல்லோரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. அடுத்த ஷட்டவுனுக்கு முன் ஆலை நிர்வாகங்களே செய்துவிடலாம்.