இடைநடுவில் நில்லாத கொடுக்கல் வாங்கல்

பதுளை வீதி திருகோணமலை வீதியைச் சந்திக்கும் செங்கலடியிலிருந்து ஒருவர் கைத்தொலைபேசி மூலம் கொழும்புக் கடையொன்றின் பொருளுக்குப் பணம் செலுத்துகிறார். அவ்வேளை தொடர்பு அறுந்தால் அப்பணத்தின் கதி யாது? இவ்வினா கணினியோடு பிறந்ததன்று.

1877 இல் பிரித்தானிய இந்தியாவில் தொடங்கிய வி.பி.பி. தபால் முறை இதற்கொரு விடை கண்டது. வாங்குபவர் பணம் செலுத்தினாலன்றிப் பொதி கைமாறாது. மறுத்தால் அது விற்றவரிடமே மீளும். ஒருவரையொருவர் அறியாத இருவர்க்கிடையே தபாற் கந்தோர் நடுவராய் நின்றது.

இதனையொத்த நெறியைக் கணினியியலில் ஜிம் கிரே 1981 இல் வெளியிட்ட கட்டுரை தெளிவுற விளக்கிற்று. பணத்தைக் கழித்தலும் கட்டளையைப் பதிதலும் இரண்டும் நிறைவேறல் வேண்டும். அன்றேல் இரண்டும் நீங்கல் வேண்டும். இதன்பொருட்டு ஒவ்வொரு மாற்றமும் முன்னரே பதிவேட்டில் எழுதப்படும். மின்சாரம் தடைப்பட்டு மீண்டதும் கணினி அவ்வேட்டைப் படித்து, முடிந்ததை நிலைநிறுத்தி, முடியாததை நீக்கும்.

1978 நவம்பர் 23 ஆம் நாட் சூறாவளியில் வெளியுலகத் தொடர்பிழந்து தவித்தது மட்டக்களப்புப் பிரதேசம். கடைவாயிலுக்குச் சென்று நியாயம் கேட்க இயலாத தூரத்து வாங்குநருக்கு, இயந்திரத்தின் வேகத்தினும் அதன் நாணயமே பெரிதாகும்.