தோல் பதனிட்ட மண்ணில் மின்சார வாகனம்

1856-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை திறக்கப்பட்டபோது, சென்னை இராயபுரத்தில் புறப்பட்ட வண்டி வந்து நின்ற எல்லை, பாலாற்றுக்கு அருகிலுள்ள வாலாஜா ரோடு. அந்நிகழ்ச்சிக்கு 168 ஆண்டுகள் கழித்து, 2024 செப்டம்பர் 28-ஆம் தேதியன்று, இப்போது இராணிப்பேட்டை மாவட்டம் என்று வழங்கும் அதே வட்டாரத்துப் பனப்பாக்கத்தில், மின்சார வாகனங்கள் உள்ளிட்ட புதிய தலைமுறைக் கார்களை உற்பத்தி செய்யும் பொருட்டு டாட்டா மோட்டார்ஸ் நிறுவனம் 9,000 கோடி ரூபாய் முதலீட்டில் அமைக்கும் தொழிற்சாலைக்குத் தமிழக முதலமைச்சர் அடிக்கல் நாட்டினார். நீராவி யுகத்தை முதலில் கண்ட பிரதேசமே மின்சார யுகத்தையும் முன்னின்று வரவேற்கிறது என்பது மகிழத்தக்க விஷயந்தான். ஆயினும், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நெடுங்காலத்தில் வேலூர், மேல்விஷாரம், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களுக்குச் சோறு போட்டது தோல் தொழில். அதன் சரித்திரத்தை ஒருமுறை நிதானமாகத் திரும்பிப் பார்த்த பிறகே புதிய தொழிலைப் பற்றி நாம் பேசத் தகுதியுடையவர்களாவோம்.

அத்தொழில் இங்கே வேரூன்றியதற்குக் காரணங்கள் பல. வறண்ட மேட்டு நிலங்களில் ஆடுமாடுகள் மிகுதி. தோலைப் பதனிட வேண்டிய துவர்ப்பைத் தரும் ஆவாரஞ்செடி தானே வளர்ந்து கிடந்தது. மெருகேற்றக் கடுக்காய் மலைக்காடுகளிலிருந்து வந்தது. மணலுக்கடியில் பாலாறு தெளிந்த நீரைச் சேமித்து வைத்திருந்தது. சரக்கைச் சென்னைத் துறைமுகத்தில் சேர்க்க ரயிலும் வந்துவிட்டது. உப்பிட்டுக் காத்த தோலை ஊறவைத்துக் கழுவி, சுண்ணாம்புத் தொட்டியிலிட்டு மயிரை நீக்கி, சவ்வைக் கத்தியால் சீவியெடுத்து, ஆவாரம் பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் தோய்த்தெடுக்கும் அந்தப் பொறுமையான முறையில் உருவான தோல், ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயரோடு சென்னைப் பெரியமேட்டு மண்டிகளின் வழியாக லண்டன் சந்தைக்குச் சென்றது. முதல் உலக யுத்த காலத்தில், சிப்பாய்களின் பூட்ஸுகளுக்கு இத்தோல் இன்றியமையாததாகிவிட்டபடியால், 1916 முதல் அதன் ஏற்றுமதியைச் சர்க்காரே தன் வசம் எடுத்துக்கொண்டது என்றால், பாலாற்றங்கரைத் தொழிலாளியின் கைத்திறன் எத்தகைய மதிப்பைப் பெற்றிருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்வியாபாரத்தில் பொருளீட்டிய முஸ்லிம் வணிகர்கள் அதைத் தம் பெட்டியிலேயே பூட்டி வைக்கவில்லை. 1919-இல் தோன்றிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும், சென்னை சென்ட்ரல் நிலையத்துக்கு எதிரே மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் பிரயாணிகளுக்காகக் கட்டுவித்த சித்தீக் சராயும் அவர்களது தர்ம சிந்தைக்குச் சாட்சிகள். அதே சமயத்தில், தொட்டிக்குள் இறங்கி நின்று, பிறர் தீண்டத் தயங்கிய பொருளைக் கையாண்ட தாழ்த்தப்பட்ட மக்களின் உழைப்பே இச்செல்வத்திற்கெல்லாம் அஸ்திவாரம் என்பதையும் நாம் மறத்தலாகாது.

இத்தொழிலின் போக்கை மாற்றிய சக்திகள் இரண்டு: ஒன்று ரசாயனம், மற்றொன்று கொள்கை. 1903-ஆம் ஆண்டளவில் சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் குரோம் உப்பைக் கொண்டு தோல் பதனிடும் பரிசோதனையைத் தொடங்கினார். பட்டைச் சாற்றில் வாரங்கள் பிடித்த வேலையை இப்புதுமுறை ஓரிரு நாட்களில் முடித்தது. எனினும் அது நம் பிரதேசம் முழுவதும் பரவுவதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. 1948-இல் அடையாற்றில் ஸ்தாபிக்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் விஞ்ஞானத்தைத் தொழிற்சாலையின் வாசலுக்குக் கொண்டுவந்தது. பிறகு 1970-களின் தொடக்கத்தில், சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஏற்ற மத்திய அரசு, பச்சைத்தோல் ஏற்றுமதியைத் தடுத்து, அரைகுறையாகப் பதனிட்ட தோலுக்கும் வரம்பு கட்டி, முழுமையாக முடித்த தோலாகவும் காலணியாகவுமே சரக்கு வெளிநாடு செல்ல வேண்டும் என்ற நிலையை உண்டாக்கியது. அதன் பயனாக ஆம்பூர் ஷூ கம்பெனிகளின் ஊராயிற்று; சுற்றுக் கிராமங்களின் பெண்கள் ஆயிரக்கணக்கில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து மாதச் சம்பளம் வாங்கலாயினர். நாட்டின் மூலப்பொருள் நாட்டிலேயே முழு மதிப்பையும் பெற வேண்டும் என்ற அந்த எண்ணம் நல்லெண்ணமே, நன்மையும் விளைந்தது.

ஆனால் அந்தக் கொள்கை ரூபாயைக் கணக்கிட்டது, நீரைக் கணக்கிடவில்லை. தோலைக் குரோமில் பதனிட்டு முடிப்பதற்கான வசதிகள் பெருகியபோது, அவற்றிலிருந்து வெளிவரும் உப்பும் குரோமியமும் எங்கே போய்ச் சேரும் என்ற கேள்விக்கு எவரும் விடை தயாரித்து வைத்திருக்கவில்லை. விடையைப் பாலாறு சொல்லிற்று. கிணறுகள் உவர்த்தன, தென்னைகள் பட்டுப்போயின, வயல்கள் வெளுத்தன. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது; 1996 ஆகஸ்டு 28-இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அளித்த தீர்ப்பு, தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போயிற்று என்ற ஆய்வை எடுத்துக்காட்டி, அசுத்தப்படுத்தியவனே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற தத்துவத்தை இந்நாட்டுச் சட்டத்தின் அங்கமாக்கிற்று. இன்று உலகெங்கும் சட்ட மாணவர்கள் வேலூரின் பெயரை அறிந்திருப்பது இவ்வழக்கினால்தான்.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அதன்பின் வலுப்பெற்றன. எனினும் தாமதமாக வந்த பரிகாரம் நோயை முழுவதும் நீக்கவில்லை. 1990-களில் மூடப்பட்ட இராணிப்பேட்டைக் குரோமேட் தொழிற்சாலையின் கழிவு லட்சக்கணக்கான டன் அளவில் அங்கேயே குவிந்து கிடந்தது. 2015 ஜனவரி 31-இல் இராணிப்பேட்டைச் சிட்கோ சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டி உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டனர். பாதிக்கப்பட்டோருக்கு நஷ்டஈட்டை அரசு வழங்கி, அதை ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டுமென உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட நேர்ந்தது 2025 ஜனவரியில். வழக்குத் தொடுத்து 30 ஆண்டுகளுக்கு மேலாகியும் கணக்குத் தீரவில்லை.

இத்தகைய மண்ணுக்குத்தான் மின்சார வாகனம் வருகிறது. 2019-இல் தமிழக அரசு வெளியிட்ட மின்வாகனக் கொள்கையும், 50,000 கோடி ரூபாய் முதலீட்டையும் ஒன்றரை லட்சம் வேலைகளையும் இலக்காகக் கொண்டு 2023 பிப்ரவரியில் வந்த அதன் திருத்திய வடிவமும், மாநிலத்தின் வடமேற்கு மூலையை இத்தொழிலின் கேந்திரமாக்கின. ஓசூரில் டி.வி.எஸ்., ஏத்தர் நிறுவனங்களும் போச்சம்பள்ளியில் ஓலா நிறுவனமும் மின்சார ஸ்கூட்டர்களைச் செய்கின்றன. கோயம்புத்தூரில் பிறந்த ஆம்பியர் வண்டிக்கு இராணிப்பேட்டைச் சிப்காட்டில் 35 ஏக்கர் பரப்பில் 2021 நவம்பரில் ஆலை திறக்கப்பட்டது. ஷூ கம்பெனியில் நுட்பமாகத் தைத்துப் பழகிய தாயின் மகள், ஸ்கூட்டர் ஆலையில் மின்கம்பிகளை இணைக்கும் வேலைக்குச் செல்லலாம் என்பது இப்பிரதேசத்திற்குக் கிடைத்த உண்மையான பாக்கியம்.

புகை கக்காத வண்டி சுத்தமான வண்டிதான். அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், லித்தியமும் நிக்கலும் கோபால்ட்டும் கொண்ட பேட்டரி சில ஆண்டுகள் உழைத்தபின் வலுவிழக்கும். அப்போது அதைப் பிரித்து, உலோகங்களை மீட்டெடுக்கும் வேலை எங்கே, எவர் கையால், எத்தகைய பாதுகாப்போடு நடைபெறும் என்ற கேள்வி, அன்று குரோமியத்தைக் குறித்து எவரும் கேளாமல் விட்ட கேள்வியின் மறுபிறப்பே ஆகும். உற்பத்தி செய்தவரே பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் கட்டளையிடுகின்றன. ஆனால் விதி ஏட்டில் இருப்பது வேறு, ஆற்றங்கரையில் அமலாவது வேறு என்பதை வேலூர் ஜில்லாவைக் காட்டிலும் அனுபவபூர்வமாக அறிந்த பிரதேசம் இந்தியாவில் இல்லை.

ஆகவே, புதிய ஆலைகளுக்கு நிலமும் சலுகையும் வழங்கும் அரசு, முதலீட்டையும் வேலைவாய்ப்பையும் எண்ணுகிற அதே பக்கத்தில், ஒவ்வோர் ஆலையும் எடுக்கும் நீரையும், வெளியேற்றும் கழிவையும், திரும்பப் பெற்ற பேட்டரியையும் ஆண்டுதோறும் எண்ணி, அவ்வூர்க் கிராம சபைகளின் முன் வைக்க வேண்டும். தோல் தொழிலில் இந்தக் கணக்கைக் கேட்க ஜனங்கள் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. மின்சார வாகனத் தொழிலில் அவர்கள் கேளாமலே அது கிடைக்க வேண்டும். பாலாற்று மக்கள் தம் நீரையும் நிலத்தையும் கொடுத்துக் கற்ற பாடத்திற்கு நாடு செலுத்தக்கூடிய குறைந்தபட்ச மரியாதை இதுவே.