ரிச்சியா ஃப்ளூயிட்டன்ஸ்

ரிச்சியா ஃப்ளூயிட்டன்ஸ் என்பது ஈரலுருத் தாவரங்களுள் ரிச்சியேசியே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறிய இனமாகும். நீரில் மிதந்தும் ஈரச் சேற்றில் படர்ந்தும் வாழ வல்லது. 1753 ஆம் ஆண்டில் கரோலஸ் லின்னேயஸ் இதற்கு அறிவியற் பெயரிட்டார். இலத்தீன் மொழியில் 'ஃப்ளூயிட்டன்ஸ்' என்பது 'மிதக்கின்ற' எனப் பொருள்படும்.

உடலமைப்பு

இத்தாவரத்துக்கு உண்மையான வேர், தண்டு, இலை ஆகியன இல்லை. உடலம் ஏறத்தாழ 1 மி.மீ. அகலமுள்ள பச்சை நாடா போன்றது. அதன் நுனி மீண்டும் மீண்டும் இரண்டாகப் பிரிந்து செல்லும். இது கவட்டுக் கிளைத்தல் எனப்படும். உடலத்தினுள் உள்ள காற்றறைகள் மிதப்பதற்கு உதவுகின்றன.

வாழிடமும் இரு வடிவங்களும்

குளம், குட்டை, மெதுவாக ஓடும் கால்வாய் ஆகியவற்றில் இது காணப்படும். ஆசியா, ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகிய கண்டங்களில் பரவியுள்ளது. நீர்வடிவம் மேற்பரப்பை ஒட்டிச் சிக்கலான கொத்துகளாக மிதக்கும். அதற்கு வேரிகள் இரா. நீர் வற்றிச் சேற்றில் படிந்தால், அதே தாவரம் வேரிகளைத் தோற்றுவித்து நிலத்தைப் பற்றிக்கொள்ளும். தோற்றத்தில் வேறுபட்டாலும் இரண்டும் ஒரே இனமே.

இனப்பெருக்கம்

நீர்வடிவம் பொதுவாக வித்துகளை உண்டாக்குவதில்லை. முதிர்ந்த பகுதி அழியும்போது கிளைகள் பிரிந்து தனித் தாவரங்களாகின்றன. பாலினப்பெருக்கம் பெரும்பாலும் நிலவடிவத்திலேயே நிகழ்கிறது. வித்துறை உடலத்தினுள் புதைந்திருப்பதால், உடலம் அழுகிய பின்னரே வித்துகள் வெளிப்படும்.

வளர்ப்பு

மீன்தொட்டிகளில் மிதக்கவிடப்படும் இத்தாவரம் மீன்குஞ்சுகளுக்கு மறைவிடமாகப் பயன்படுகிறது. இதனைத் தொட்டியின் அடியில் புல்தரை போல வளர்க்கும் முறையை யப்பானிய ஒளிப்படக் கலைஞர் தகாஷி அமானோ (1954–2015) பரவலாக அறியச் செய்தார். நீர்வடிவத்துக்கு வேரிகள் இல்லாமையால் அது தானாக அடியில் நிற்காது. எனவே தட்டையான கல்லின் மீது மெல்லிய படலமாகப் பரப்பி, தூண்டில் நரம்பினால் நெருக்கமாகச் சுற்றிக் கட்ட வேண்டும்.

அடியில் வளர்ப்பதற்கு வலுவான ஒளியும், நீரில் கரைந்த கரியமில வாயுவும் தேவை. ஒளிச்சேர்க்கை மிகும்போது, நீரில் கரையாது எஞ்சும் ஆக்சிஜன் உடல நுனிகளில் சிறு குமிழ்களாகத் தங்கும். அடர்ந்து வளரும் கொத்தினைக் காலந்தோறும் கத்தரிக்க வேண்டும். தவறினால் ஒளி கிட்டாத அடிப்பகுதி அழுகிப் பிடிப்பை இழக்கும். கொத்து முழுவதும் மேலே மிதந்துவிடும்.

ஒரு சிறு துண்டும் முழுத் தாவரமாக வளரக்கூடும். ஆதலால் கத்தரித்த துண்டுகளைக் குளங்களிலோ கால்வாய்களிலோ கொட்டாமல், நன்கு உலர்த்திய பின்னரே அப்புறப்படுத்துதல் வேண்டும்.