துளையட்டையின் சாட்சி

ஆஸ்பத்திரிக் கணினியில் அனுமதிப் படிவங்களை ஸ்கேன் பண்ணி ஏற்றுவதை வெறும் கிளாக்கர் வேலை என்கிறோம். அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் நடந்ததைப் பாருங்கள். 1973 ஜூலை 12இல் அங்குள்ள ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்து, 1.6 முதல் 1.8 கோடி வரையான இராணுவக் கோப்புகள் அழிந்தன. பிரதியில்லை, மைக்ரோபிலிமும் இல்லை. போரில் காயப்பட்டதைக் காட்ட முன்னாள் சிப்பாய்களிடம் கடதாசியே இல்லை.

1988இல் அந்தக் காப்பகத்துக்குப் பழைய கணினி நாடாக்கள் வந்தன. அவற்றில் இரண்டாம் உலகப்போர், கொரியப்போர்க் கால ஆஸ்பத்திரி அனுமதிப் பதிவுகள் ஒரு கோடியளவில் இருந்தன. சும்மா புள்ளிவிபரத்துக்கென்று துளையட்டையில் குத்தி வைத்தவைதான்! அவையே பலருக்குச் சாட்சியாகின.

ஆனால் அதில் பெயர்கள் இல்லை, இராணுவ இலக்கம் மட்டும்தான். ஸ்கேன் பண்ணிய தாளோடு பெயரும் இலக்கமும் திகதியும் சேர்க்காமல் விட்டால் எங்கட கதையும் இதுதான். இலக்கம் தெரியாத சிப்பாய்க்கு அந்த நாடாவாலும் பலனில்லை.