எண்ணிட்ட வீதியும் எண்ணப்படாத மக்களும்

தலைமன்னாரிலிருந்து மதவாச்சிக்குச் செல்லும் வீதி ஏ-14. மதவாச்சியில் அதனைச் சந்தித்து, மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டியை அடைவது ஏ-9. புல்மோட்டையில் நம் மாணவர்கள் இவ்வெண்களைப் பிழையின்றி ஒப்புவிக்கின்றனர். எண் இடப்படுமுன் அவ்வழியே நடந்தவர் யாவர் என வினவினாலோ வகுப்பு மௌனமாகி விடுகிறது. அம்மௌனத்தைக் கலைப்பது ஆசிரியர்களாகிய நமது கடமையன்றோ?

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் துரத்த, தமிழகத்து உழைப்பாளிகள் கங்காணியின் பின்னே படகேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மாத்தளை வரையும் கால்நடைப் பயணம். உலர்வலயக் காட்டிலே குடிநீர் அரிது. காய்ச்சலும் வாந்திபேதியும் மலிவு. வழியிலேயே மாண்டவர் ஆயிரக்கணக்கானோர். பிழைத்து மலையேறியவனுக்கோ, வந்த வழிச்செலவே கங்காணியின் கணக்கில் முதற்கடனாக நின்றது. பாலைத்திணைக்குப் பிரிவே உரிப்பொருள் என்று வகுப்பறையில் விளக்குகிறோம். பொருள்தேடிப் பாலை கடந்த அத்தலைவன் மீண்டுவந்தான். இவர்களிற் பலர் மீளவேயில்லை.

பின்னர் பாதை மாறிற்று. அந்நூற்றாண்டின் இறுதியில் இவ்வடபாதை கைவிடப்பட்டு, தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் செல்லும் கடல்வழி முதன்மை பெற்றது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பல் ஓடத்தொடங்க, இருகரைகளையும் புகையிரதம் இணைத்தது. இதனை அரசின் கருணை என்று மட்டும் கொள்ளலாமா? கூலியாள் உயிரோடும் உரிய காலத்திலும் வந்து சேர்ந்தால்தான் தோட்டத்துக்கு இலாபம் என்ற கணக்கும் அதனுள் இருந்தது.

நாடு விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே, இந்த உழைப்பாளரின் வழித்தோன்றல்களிற் பெரும்பாலோர் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னொரு நாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது. பாட்டன் இறங்கிய அதே மன்னார்க் கரையில், தலைமன்னார்த் துறையிலே, பேரன் கப்பலேறினான். அவனுடைய விருப்பத்தைக் கேட்டு எழுதப்பட்ட ஒப்பந்தமன்று அது.

2023 யூலை 28ஆம் நாள் தலைமன்னாரில் ஒரு நடைபயணம் புறப்பட்டது. மலையக மக்களின் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, முன்னோர் நடந்த வழியைப் பின்பற்றி, ஆகஸ்ட் 12ஆம் நாள் அது மாத்தளையை அடைந்தது. அவர்கள் நினைவஞ்சலியோடு நின்றுவிடவில்லை. காணியும் வீடும் நியாயமான ஊதியமும் சமமான குடியுரிமையும் கேட்டார்கள்.

கோப்பி அழிந்து தேயிலை வந்தது. துரைமார் போய்க் கம்பனிகள் வந்தன. பாதை மாறிற்று, பாதையின் பெயரும் எண்ணாயிற்று. அவ்வழியே வந்தவரின் சந்ததியிற் பலருக்கோ லயன் காம்பரா மட்டும் இன்னும் மாறவில்லை. ஏ-9ஐயும் ஏ-14ஐயும் தேசப்படத்தில் காட்டும்போது இதனையும் சேர்த்தே கற்பிப்போம்.