தொட்டால் சுடும், வெந்தால் கீரை: நெட்டில் செடியின் பயன்கள்

இறைவனின் படைப்பில் வீண் என்று எதுவுமில்லை. கை பட்டாலே எரிச்சலும் தடிப்பும் தரும் 'ஸ்டிங்கிங் நெட்டில்' செடி, பல நாடுகளில் விரும்பி உண்ணப்படும் கீரை.

துருக்கியில் இதை 'இசிர்கான்' என்கிறார்கள். கடிப்பது என்று பொருள். அங்கே கருங்கடல் பகுதியில் இதன் சூப் பிரபலம். உத்தராகண்ட் மலைவாழ் மக்கள் 'பிச்சூ காஸ்', அதாவது தேள் புல் என்று அழைத்து, கடைந்து சோற்றுடன் உண்கிறார்கள். மருத்துவ மேதை இப்னு சீனா தமது 'அல்கானூன்' நூலில் 'அஞ்சுரா' என்ற பெயரில் இதைக் குறிப்பிட்டுள்ளார்.

ஏன் எரிகிறது?

இலையிலும் தண்டிலும் உள்ள நுண்ணிய முடிகள் ஊசிபோல் தோலில் இறங்கி, ஹிஸ்டமின் உள்ளிட்ட பொருட்களைச் செலுத்துகின்றன. வேகவைத்தாலோ நன்கு உலர்த்தினாலோ எரிச்சல் தராது.

பறிப்பது எப்படி?

வசந்த காலத்தில், பூக்கும் முன் நுனிக் கொழுந்துகளை மட்டும் கையுறை அணிந்து பறிக்க வேண்டும். பூத்த செடியின் முற்றிய இலைகள் சிறுநீர்ப் பாதையை உறுத்தலாம். சாலையோரம், மருந்து தெளித்த வயல் ஆகியவற்றைத் தவிருங்கள்.

சமைக்கும் முறை

கொதிக்கும் உப்பு நீரில் இரண்டு, மூன்று நிமிடம் வேகவைத்துப் பிழிந்து நறுக்கவும். வெங்காயம், பூண்டை வெண்ணெயில் வதக்கி, கீரையும் சிறிது சோள மாவும் நீரும் சேர்த்துக் கொதிக்க விட்டால் துருக்கி பாணி சூப் தயார்.

சத்துகள்

வெந்த கீரை 100 கிராமில் சுமார் 480 மில்லிகிராம் கால்சியமும் 7 கிராம் நார்ச்சத்தும் உள்ளன. வைட்டமின் கே மிக அதிகம். மூட்டுவலிக்கு நாட்டு வைத்தியத்தில் பயன்படுத்துகிறார்கள். ஆனால் மருத்துவ ஆய்வுச் சான்றுகள் போதாததால், இதை மருந்தாக அல்ல, சத்தான கீரையாகக் கருதுவதே சரி.

கவனிக்க வேண்டியவை

• வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு வைட்டமின் கே அந்த மருந்தின் வேகத்தைக் குறைக்கும்.

• இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரக நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் உண்ண வேண்டாம்.

• நம் ஊர் வேலியோரம் படரும் காஞ்சொறி (செந்தட்டி) வேறு குடும்பத்துச் செடி. அதன் இலைகள் தண்டில் மாறி மாறி அமையும். நெட்டில் இலைகள் எதிரெதிராக ஜோடியாக இருக்கும். இரண்டும் அரிக்கும் என்பதற்காக ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைச் சமைத்துவிடாதீர்கள். உறுதியாக அடையாளம் தெரியாத எந்தச் செடியையும் வாயில் வைக்காமல் இருப்பதே பாதுகாப்பு.