சோறும் சொல்லும்

1948 டிசம்பர் 10. பாரிஸ் நகரிலே ஐ.நா. பொதுச்சபை கூடியிருந்தது. இரண்டாம் உலகப் போரின் பிணவாடை நீங்காத காலம். மனித உரிமைப் பிரகடனம் வாக்குக்கு விடப்பட்டது. ஆதரவு 48, எதிர்ப்பு இல்லை, நடுநிலை 8. எதிர்ப்பே இல்லை என்று மகிழ்ந்தது மன்றம். நாம் மகிழுமுன், அந்த எண்மர் யாவர் என்று பார்த்திடல் வேண்டும்.

யூகோஸ்லாவியா உட்படப் பொதுவுடைமை நாடுகள் ஆறு. ஏழாவது, அவ்வாண்டுதான் நிறவெறியை அரசின் கொள்கையாக்கி அரியணை ஏற்றிய தென்னாப்பிரிக்கா. எட்டாவது, மதம் மாறும் உரிமை என்ற சொல்லே கசந்த சவூதி அரேபியா. வெள்ளை ஆதிக்கமும் வைதிக மனமும் அஞ்சி ஒதுங்கின என்றால், அந்த ஏட்டிலே ஏதோ வலிமை இருந்திருக்கத்தானே வேண்டும்! 'ஆண்மக்கள் அனைவரும்' என்று பொருள்படும் தொடரை மாற்றி, 'மனிதர் அனைவரும்' என்றாக்கப் போராடியவர், இந்தியாவிலிருந்து சென்ற ஹன்சா மேத்தா எனும் பெண்மணி என்பதையும் நாம் மறத்தலாகாது.

முப்பது விதிகள். பேசவும், கூடவும், வாக்களிக்கவும் உரிமை. வேலைக்கும், கல்விக்கும், மருத்துவத்துக்கும் உரிமை. ஆனால் பிரகடனம் சட்டமன்று. அதைச் சட்டமாக்க ஒப்பந்தம் எழுத முனைந்தபோதுதான் சச்சரவு மூண்டது.

பேச்சுரிமையை வழக்குமன்றம் காத்திடும். வேலையும் வீடும், சர்க்கார் நாளடைவில் எட்டவேண்டிய இலக்கு என்றது வாஷிங்டன். வயிறு காய்ந்தவனுக்கு வாய்ச்சொல் உரிமை எதற்கு என்றது மாஸ்கோ. இரண்டும் கேட்க இனியவை. இரண்டுக்கும் பின்னே மறைப்பதற்கு ஏதோ இருந்தது. 1947இல் அமெரிக்கக் கறுப்பின மக்களின் குறைகளைத் தொகுத்து, அறிஞர் டுபாய்ஸ் முன்னின்று ஐ.நா.வுக்கு ஒரு முறையீடு அளித்தார். அதை விவாதத்துக்கு எடுக்கும்படி வாதாடியவர்கள் ரஷ்யர்கள்! மன்றம் மறுத்தது. கறுப்பருக்காகக் கண்ணீர் வடித்த அந்த ரஷ்யாவின் தொழிற்சிறைகளிலே அப்போது இலட்சக்கணக்கானோர் வாடினர். அவர்களுக்காக முறையிட அந்நாட்டிலே ஒரு சங்கமும் உயிரோடு இல்லை.

1952இல் ஒப்பந்தத்தை இரண்டாகப் பிளப்பது என்று முடிவாயிற்று. 1966இல் இரண்டும் நிறைவேறின. 1976இல்தான் நடைமுறைக்கு வந்தன. அரசியல் உரிமைகளை அரசு மதித்தே ஆகவேண்டும். பொருளாதார உரிமைகளையோ, கைப்பொருள் இடந்தரும் அளவுக்குப் படிப்படியாக நிறைவேற்றினால் போதும். அந்தப் 'படிப்படியாக' என்ற சொல்லுக்குள் எத்தனை தலைமுறை அடங்கும்? நாமும் நகைப்பதற்கில்லை. 1950ஆம் ஆண்டு இந்திய அரசியல் சட்டமும் பேச்சுரிமையை வழக்காடத்தக்க மூன்றாம் பாகத்தில் வைத்தது; வாழ்க்கை ஊதியத்தை, வழக்காட முடியாத நான்காம் பாகத்தில் வைத்தது.

1973இல் இரண்டையும் உறுதிசெய்த ரஷ்யா, 1980இல் விஞ்ஞானி சகாரவைக் கோர்க்கி நகரிலே அடைத்துவைத்தது. 1977இல் இரண்டிலும் ஒப்பமிட்ட அமெரிக்கா, அரசியல் ஒப்பந்தத்தை உறுதிசெய்யவே 1992 வரை காத்திருந்தது; மற்றதைத் தொடவேயில்லை. சீனாவோ 2001இல் பொருளாதார ஒப்பந்தத்தை உறுதிசெய்தது. 1998இல் ஒப்பமிட்ட அரசியல் ஒப்பந்தம் இன்னும் அப்படியே கிடக்கிறது.